நைரோபி–மொம்பாசா ரயில்: பயணம் அருமை, இரு முனையும் அரைகுறை

கென்யா சுதந்திரம் பெற்ற பிறகு கட்டிய திட்டங்களிலேயே பெரியது, நைரோபி–மொம்பாசா ஸ்டாண்டர்ட் கேஜ் (தண்டவாள இடைவெளி 1435 மி.மீ.) ரயில் பாதை. நீளம் சுமார் 472 கி.மீ. கட்டியது சைனா ரோடு அண்ட் பிரிட்ஜ் கார்ப்பரேஷன். செலவில் பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கியின் கடன். அதில் 2017 ஜூன் 1 முதல் ஓடும் பயணிகள் ரயில்தான் மடராகா எக்ஸ்பிரஸ். பஸ்ஸில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும் தூரத்தை, வழியில் அதிகம் நிற்காத வண்டி ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடிக்கிறது. தண்டவாளத்தின் மேல் இருக்கும்வரை பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் தண்டவாளம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான்.

கைபேசியில் *639# அழுத்தியோ ரயில்வேயின் இணையதளத்திலோ முன்பதிவு செய்து, எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணம் கட்டினால் குறுஞ்செய்தி வரும். அது டிக்கெட் அல்ல. அதிலுள்ள எண்ணை ஸ்டேஷன் இயந்திரத்தில் போட்டு அச்சுச் சீட்டை எடுத்தாக வேண்டும். பதிவில் கொடுத்த அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். டிசம்பர், ஈஸ்டர் விடுமுறைகளில் எகானமி இடங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

2024 ஜனவரி 1 முதல் எகானமி 1,000 ஷில்லிங்கிலிருந்து 1,500 ஆனது, முதல் வகுப்பு 3,000-லிருந்து 4,500. மின்மயமாக்காத பாதை, டீசல் என்ஜின்; எரிபொருள் விலை ஏறினால் சுமை டிக்கெட்டில்தான் வந்து விழும்.

நைரோபி டெர்மினஸ் இருப்பது ஊருக்குள் அல்ல, சியோகிமாவுவில். மாலை நேர மொம்பாசா சாலை நெரிசலில் சிக்கினால் ரயில் போய்விடும். மத்திய ரயில் நிலையத்திலிருந்து இந்த வண்டிகளுக்கென்றே விடும் இணைப்பு ரயில்தான் மலிவு, நம்பகமும் கூட. டாக்ஸியில் போனால் 2022-இல் திறந்த சுங்க விரைவுச்சாலையில் போகச் சொல்லுங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது வாசலில் இருக்க வேண்டும். பைகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்க, மோப்ப நாய் பார்க்கும். அதன் பிறகு எக்ஸ்ரே. மதுவும் கத்தியும் உள்ளே போகாது.

எகானமியில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள், எதிரெதிராக. சாய்க்க முடியாது, உயரமானவர்களுக்கு எதிரில் இருப்பவரின் முழங்கால் இடிக்கும். முதல் வகுப்பு இரண்டும் இரண்டுமாக விசாலம்தான், ஆனாலும் மூன்று மடங்கு காசுக்கு அது போதாது. நைரோபியிலிருந்து போகையில் வலப்பக்க ஜன்னல் கேளுங்கள்: வானம் தெளிந்திருந்தால் எமாலிப் பக்கம் கிளிமாஞ்சாரோ தெரியும். பிறகு சாவோ தேசியப் பூங்கா. செம்மண் பூசிய யானைகளைப் பார்க்க இரண்டு பக்கமும் நல்லதே. அவை கடந்துபோக ரயில் பாதையின் உயர்ந்த மண்கரைக்கு அடியில் வழிகள் விட்டிருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை அது. இரவு வண்டியில் இதெல்லாம் கிடைக்காது, விடியுமுன் கொண்டுபோய் இறக்கிவிடும்.

இறங்குமிடம் மிரிட்டினி. மொம்பாசா தீவுக்குள் போக மறுபடி மட்டாட்டுவோ (தனியார் மினிபஸ்) டாக்ஸியோ பிடிக்க வேண்டும். வெளியே வந்ததும் சொல்லும் முதல் விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டயானி கடற்கரைக்குப் போகிறவர்கள் லிகோனி படகுத்துறையில் காத்துக் கிடக்காமல், டொங்கோ குண்டு புறவழிச்சாலை வழியாகப் போகலாம்.

ரயில் ஊருக்கு வெளியே தொடங்கி ஊருக்கு வெளியே முடிவது, பயணிக்கு ஒரு டாக்ஸிச் செலவு. சரக்குக்கு இதே குறை பல மடங்கு. இறக்குமதியாகும் பெரும்பாலான பொருள்களுக்கு 2013-லிருந்து ரயில்வே மேம்பாட்டு வரி உண்டு. ரயிலில் ஏறாதவரும் இந்தப் பாதைக்குக் காசு கொடுக்கிறார். கடனை அடைக்க வேண்டியது சரக்கு வருமானம். ஆனால் கன்டெய்னர் நைரோபியின் எம்பகாசி உள்நாட்டு முனையத்தில் இறங்கியதும், கிடங்குவரை லாரிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எடுக்கத் தாமதித்தால் அதற்கும் கட்டணம். மொம்பாசா துறைமுகத்திலிருந்து நேராகக் கிடங்குக்கு வரும் லாரியோடு ரயில் போட்டிபோட முடியாமல் போனது இதனால்தான். 2019-இல் சரக்கை ரயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள், 2022 செப்டம்பரில் புதிய அரசு அதை விலக்கிக்கொண்டது.

மேற்கு முனை இன்னும் மோசம். உகாண்டா எல்லையான மலாபாவரை போக வேண்டிய பாதை, 2019 அக்டோபரில் திறந்த 120 கி.மீ. நீட்டிப்போடு நைரோபிக்கு மேற்கே சுஸ்வா பக்கம் நின்றுவிட்டது. மேற்கொண்டு கட்டக் கடன் வரவில்லை. அங்கே 1435 மி.மீ. பாதையிலிருந்து ஆங்கிலேயர் காலத்து 1000 மி.மீ. மீட்டர் கேஜுக்கு ஒவ்வொரு கன்டெய்னரையும் கிரேனால் தூக்கி மாற்ற வேண்டும். பழைய தடத்தில் வேகமும் குறைவு, ஏற்றும் எடையும் குறைவு. உகாண்டா தலைநகர் கம்பாலாவின் வியாபாரி மொம்பாசாவிலேயே லாரி பேசுவதை யார் குறை சொல்ல முடியும்?