உலர்திராட்சைக்குப் பதில் எது? பேரீச்சை, அத்தி, ப்ரூன், நம்மூர் பிளம்ஸ்

கேக் குறிப்பில் 200 கிராம் உலர்திராட்சை என்று இருக்கும். டப்பாவைத் திறந்தால் பேரீச்சையும் நாலு அத்தியும்தான் இருக்கும். அதே எடைக்கு மாற்றிப் போட்டால் ஒரு தடவை அருமையாக வரும், அடுத்த தடவை நடுவில் பள்ளம் விழும். பெரும்பாலும் சந்தேகம் இனிப்பின் மேல்தான் போகும். உண்மையில் பார்க்க வேண்டியது ஈரத்தை. உலர்திராட்சையில் ஈரம் சுமார் 15 சதவீதம், பேரீச்சையில் 20ஐ ஒட்டி. பாக்கெட்டில் மெத்தென்று வரும் ப்ரூனிலும் (உலர்ந்த பிளம்) ஆப்ரிகாட்டிலும் 30 வரை இருக்கும். வறண்ட பழம் மாவிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், ஈரப் பழம் மாவை இளக்கிவிடும்.

மலையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ஓவனுக்குள் மாவின் ஈரம் வேகமாகப் போகிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடரின் வாயுவும் அதிகமாக விரிந்து, கேக் வேகும் முன்பே உப்பி அமுங்குகிறது. கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த குறிப்பில் பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் என்றால் இங்கே முக்கால் போதும். 170 டிகிரி என்றால் 180 வையுங்கள். 250 கிராம் மைதாவுக்கு 2 மேசைக்கரண்டி பால் கூடுதலாக விடுங்கள். இதைச் செய்யாமல் பழத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

முதலில் பேரீச்சை. சர்க்கரை அளவில் இதற்கும் திராட்சைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் திராட்சை தன் இனிப்பைத் தோலுக்குள் வைத்துக்கொள்ளும், பேரீச்சை மாவில் கரையவிடும். அதனால் கேக் கருத்து, இனிப்பும் தூக்கலாகிறது. 200 கிராமுக்கு 200 கிராமே போட்டு, சர்க்கரையில் 25 கிராம் குறையுங்கள். கைபட்டாலே நசுங்கும் ரகம் வேண்டாம், கொஞ்சம் கெட்டியானதை வாங்குங்கள். கொட்டை எடுத்து திராட்சை அளவுக்கு நறுக்கி, குறிப்பிலுள்ள மைதாவிலேயே ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் பிசறி, துண்டு துண்டாகப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக அடியில் போய் உட்காரும். மாவு பிசறினால் பழம் மூழ்காது என்று சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. பழத்தைத் தாங்குவது கரைத்த மாவின் கெட்டித்தன்மை. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் நாடாவாக ஓடாமல் தொப்பென்று விழ வேண்டும்.

அத்தியில் கடையில் சரமாகக் கோத்து விற்பது நன்றாக வறண்டது. அப்படியே போட்டால் கேக் மறுநாளே தவிடாக உதிரும். காம்பைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். சமவெளியில் 15 நிமிடம் போதும். இங்கே கொதிநீரின் சூடே குறைவு, குளிரில் சீக்கிரம் ஆறியும் விடும். மூடி போட்டு அரை மணி நேரம் வையுங்கள். ஒன்றை இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, நார் நாராக இருந்தால் இன்னும் ஊற வேண்டும். விதையெல்லாம் பளபளத்து, அழுத்தினால் ஒரு சொட்டு மட்டும் கசிந்தால் சரி. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் பாலில் பாதிக்குப் பதில் ஊற்றுங்கள். பல்லில் நறநறக்கும் விதை பிடிக்காதவர்களுக்கு அத்தி ஒத்துவராது.

ப்ரூன் விலை கூடுதல். ஆனால் பிளம் கேக்கின் கருமைக்கும் ஈரத்துக்கும் அதை விஞ்ச எதுவும் இல்லை. ஊறவைக்கவே கூடாது, நறுக்கிப் போட்டுப் பாலில் ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் போதும். அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் வயிற்றை இளக்கும் என்பதால் குழந்தைகளுக்கு அளவாகக் கொடுங்கள்.

இனி நம்மூர் பிளம்ஸ். மே, ஜூனில் குவியும்போது காயவைத்தால் ப்ரூன் ஆகிவிடும் என்று நினைப்பதுண்டு. ஆகாது. ப்ரூனுக்கு உரியது சதைப்பற்றும் இனிப்பும் மிகுந்த ஐரோப்பிய வகை; நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைவது சாறும் புளிப்பும் மிகுந்த ஜப்பானிய வகை. காய்ந்தால் மெலிந்து சுள்ளென்று புளிக்கும். ஆகவே இது உலர்ந்த கிரான்பெரிக்கு (புளிப்பான சிவப்புப் பழம்) மாற்று. கடைக் கிரான்பெரியில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், இதில் இல்லை. 100 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி சர்க்கரை கூட்டினால் கணக்கு சரியாகும். ஒரு கிலோ பழத்துக்கு 150 கிராம் தேறினாலே அதிகம்.

இந்த மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது, ஓவன்தான் வழி. கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், திருகாமல் கத்தியால் சதையைச் சீவுங்கள். தோல் கீழே இருக்கும்படி அடுக்கி 65 டிகிரியில், கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகி 10 முதல் 14 மணி நேரம். அவசரப்பட்டு 100 வைத்தால் மேல்தோல் இறுகி உள்ஈரம் சிறைப்படும், பத்து நாளில் பூஞ்சணம் பூக்கும்.

டூட்டி ஃப்ரூட்டி உலர்பழமே அல்ல, பாகில் ஊறிய பப்பாளிக்காய். நிறம் கிடைக்கும், ருசி கிடைக்காது.

பிஸ்கட்டில் மட்டும் எல்லாம் தலைகீழ். ஊறிய பழம் போட்டால் தட்டில் பரந்து ஓடும், காய்ந்த திராட்சையோ கிரான்பெரியோதான் சரி. கேக்கில் கடைசி இரண்டு கரண்டி மாவைப் பழம் சேர்க்காமல் எடுத்து வைத்து மேலே பரப்புங்கள். வெளியே தலைகாட்டும் பழம் கருகிக் கசக்கும்.

ஐப்பசி மழையில் பிரித்த பாக்கெட்டில் அத்தி, ப்ரூன் மேல் வெள்ளை படிந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ஒரு பழத்தை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துப் பாருங்கள். கரைந்து போனால் வெளியே பூத்த சர்க்கரை. பஞ்சு போல இழை தெரிந்தாலோ மக்கிய வாசம் அடித்தாலோ பாக்கெட்டோடு குப்பைக்குத்தான்.