"தூக்கிப் பாருங்கணா"ன்னு சொல்ற ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) கடைய நம்பிடாதீங்க, எனக்கு 11,500 ரூபா போச்சு

நேத்து சாயங்காலம் அந்தக் கடைக்காரன் சொன்ன பதில கேட்டதுல இருந்து இன்னும் கொதிப்பு அடங்கல, அதனால முன்னப்பின்ன இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நமக்கு கோத்தகிரி. மச்சான் வெளியூர் போறப்ப குடுத்துட்டுப் போன 12 இன்ச் பாசிவ் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்) ஒன்னு, 4 ஓம் (ஸ்பீக்கரோட மின் தடை), ரெண்டு வருஷமா துணி போட்டு மூடி மூலையில கெடந்துச்சு. பாசிவ்னா உள்ள ஆம்ப் கெடையாது, பாட்டு, படம் ஓட்டுற ரிசீவர் பெட்டி பின்னாடி சப்-அவுட்னு ஒரு ஆர்சிஏ சாக்கெட் இருக்கும்ல, அதுல வர்றது வெறும் சிக்னல்தான், நடுவுல தனியா ஒரு மோனோ ஆம்ப் வேணும். ஆன்லைன்ல பாத்து கீழ கோயம்புத்தூர்ல ஆம்ப் அசெம்பிள் பண்ற கடை ஒன்னு சிக்குச்சு. பேரு போடல, போட்டா வேற வம்பு வரும்.

மேட்டுப்பாளையத்துல பஸ் மாறி நேர்லயே போனேன். போனதும் ஊரு எதுன்னு கேட்டான், சொன்னேன், "அட அரவேணு எங்க அம்மா ஊருங்ணா"ன்னான். அது எங்க கோத்தகிரி பக்கத்து ஊரு. அங்கயே பாதி விழுந்துட்டேன். டீ வாங்கிக் குடுத்தான். அப்புறம் அவனா ஆரம்பிச்சான், "பிஎம்பிஓ ரெண்டாயிரம் வாட்டுனு போட்டு ஊர ஏமாத்துறானுங்கணா, நாங்க ஆர்எம்எஸ் மட்டும்தான் பேசுவோம், இது சுத்தமா 300 வாட் ஆர்எம்எஸ், 5200, 1943 ஒரிஜினல் மூனு ஜோடி, செப்புக் கம்பி ட்ரான்ஸ்ஃபார்மர், ப்ரொடெக்ஷன் போர்டு இருக்கு, தூக்கிப் பாருங்கணா"ன்னான். (பிஎம்பிஓன்னா விளம்பரத்துக்காக ஊதிப் போடுற வாட்டு, ஆர்எம்எஸ்னா தொடர்ந்து குடுக்கற நெசமான வாட்டு, 5200, 1943 ட்ரான்சிஸ்டர் நம்பர், ப்ரொடெக்ஷன் போர்டு ஆம்ப் பழுதானா ஸ்பீக்கர காப்பாத்துறது.) தூக்குனேன். கல்லு மாதிரி கனம். நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர்னா கனமா இருக்கும்னு நானும் எங்கயோ படிச்சு வெச்சிருந்தேன், அதுதான் என்னைக் கவுத்துச்சு. ஏமாத்துறவங்கள பத்தி நமக்கே பாடம் எடுக்குறவன் நம்மள ஏமாத்துவான்னு எப்படிங்க நெனைக்கிறது?

விலை 12,000. அரவேணு பாசத்துல 500 கொறைச்சான். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும், ரெண்டாயிரம் உங்களுக்குத்தான் தண்டம்"னான், சரின்னு தலையாட்டுனேன், அது என் தப்பு, ஒத்துக்கறேன். விசிட்டிங் கார்டு பின்னாடி பால்பாயிண்ட் பேனாவுல "1 வருஷம் வாரண்டி"ன்னு எழுதிக் குடுத்தான். 11,500 ரூபா ஜிபே பண்ணேன், அதுவும் அவன் பேருல இல்ல, சம்சாரம் பேருல இருக்கற நம்பருக்கு. மூட்டை மூட்டையா பச்சைத் தேயிலை பறிச்சுப் போட்டாத்தான் அந்தக் காசு.

பத்து நாள் நல்லாத்தான் ஓடுச்சு, பொய் சொல்லக் கூடாது. தகரக் கூரை அதிர்றத பாத்து பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து என்ன சாமி இடி இடிக்குதான்னு கேட்டுச்சு. பதினோராவது நாள் ராத்திரி, சத்தம் கூட அதிகமா வெக்கல, டப்புன்னு ஒரு அடி. பாத்தா சப்போட கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) வெளிய தள்ளிக்கிட்டு அப்படியே நிக்குது, உள்ள போகவே மாட்டேங்குது, ஓரத்துல இருந்து லேசா புகை, அரக்கு கருகுற நாத்தம். ஓடிப்போய் பிளக்க புடுங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. முன்னாடி "ப்ரொடெக்ட்"னு போட்ட செவப்பு லைட்டு மட்டும் ஜம்முனு எரியுது.

மறுநாளே ஃபோன். "மலையில வோல்டேஜ் சரியிருக்காதுங்ணா." ஸ்டெபிலைசர் இருக்குன்னேன். "அப்ப பனி எறங்கி போர்டு ஈரமாயிருக்கும்." வெயில் காலத்துலங்க. "வால்யூம் ஃபுல்லா வெச்சிருப்பீங்க." அடுத்த நாள் ஆம்ப் அசெம்பிள் பண்ற மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாருன்னான். அதுக்கடுத்த நாள் அவன் சம்சாரம் எடுத்து, அவரு குளிக்கிறாருன்னாங்க. அஞ்சு நாளு குளிச்சான்.

பொறுக்க முடியாம இங்க டவுன்ல டிவி ரிப்பேர் பாக்குற அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். மூடிய கழட்டிட்டு அவரு சிரிச்சாரு பாருங்க. அடியில ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு, வெயிட்டுக்காக. ட்ரான்சிஸ்டர் ஒரே ஒரு ஜோடி. ரிலே (ஆபத்துன்னா ஸ்பீக்கர துண்டிக்கிற சுவிட்ச்), ப்ரொடெக்ஷன் எதுவும் கெடையாது, அந்த செவப்பு லைட்டு சும்மா சப்ளைல கோத்திருக்கு. ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பி நுனிய பிளேடால சொரண்டிக் காட்டுனாரு, மேல செப்பு கலரு வார்னிஷ், உள்ள வெள்ள வெளேர்னு அலுமினியம்.

"தம்பி, இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் 24-0-24, அதாவது நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி. டிசி ஆக்குனா ரெண்டு பக்கமும் 33 வோல்ட்டு சொச்சம் வரும். இதுல 4 ஓம்ல 100 வாட் தாண்டுனாலே பெருசு. 300 வேணும்னா ரெண்டு பக்கமும் 50க்கு மேல வேணும், ட்ரான்ஸ்ஃபார்மர் 40-0-40 கிட்ட இருக்கணும்"னாரு. ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் அந்த 33 வோல்ட் டிசி நேரா சப்புக்குள்ள கோன அசைக்கிற வாய்ஸ் காயிலுக்குப் போயிருக்கு, தடுக்க ரிலே இல்ல, காயில் கருகிருச்சு. ஆம்ப்போட போச்சுன்னா பரவால்ல, மச்சான் சப்பும் போச்சு.

ஃபோட்டோ எல்லாம் எடுத்து அனுப்புனேன். நேத்து பதில் வந்துச்சு. "அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் நாங்க போட்டது இல்ல, உங்க மெக்கானிக் மாத்திட்டாரு. சீல உடைச்சதால வாரண்டியும் போச்சு." 11,500 ரூபா வாங்கிட்டு, ரிப்பேர் பாத்த அந்த அறுபது வயசு மனுஷன திருடன்னு சொல்றான்! இருந்ததே இல்லாத சீல எங்க போய் உடைக்கிறது. அப்புறம் பிளாக் பண்ணிட்டான்.

வாங்குறவங்களுக்கு நாலு வார்த்த. எத்தன ஓம்ல எத்தன வாட்டுனு கேளுங்க, வெறும் வாட்டு கணக்கில்ல. மூடிய கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஸ்பீக்கர மாட்டுறதுக்கு முன்னாடி அவுட்புட்டுல மீட்டர் வெச்சு டிசி பாருங்க, மில்லிவோல்ட்டுலதான் இருக்கணும், வோல்ட்டு கணக்குல வந்தா தொடாதீங்க. பில்லு, பில்லு, பில்லு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சிருக்கேன், எங்கிட்ட இருக்கறது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த விசிட்டிங் கார்டும்தான், பாப்போம்.

மச்சான் அடுத்த மாசம் லீவுல வர்றான், இன்னும் சொல்லல. 12 இன்ச்சுக்கு 4 ஓம் காயில் மாத்தி நல்லா ரீகோன் (கோன புதுசா போடுறது) பண்ற ஆளு மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கம் தெரிஞ்சா சொல்லுங்க. அம்மா ஊரு அரவேணுன்னு சொல்ற ஆளு மட்டும் வேணாம்.