பொரிக்க 21 நாள், திருப்பி அனுப்ப 7 நாள்: இன்குபேட்டர் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுதான்

"60 முட்டை, ஃபுல் ஆட்டோமேட்டிக், 90 சதவீதம் பொரிப்பு உறுதி" என்று முட்டை பொரிக்கும் மிஷின் ஒன்றுக்கு வீடியோவில் விளம்பரம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் பார்சல் அனுப்பினார்கள். சிறுவிடைக் கோழி முட்டை 42 அடை வைத்ததில் வெளியே வந்தது 6 குஞ்சு. அவையும் 19ஆம் நாளே ஓட்டை உடைத்தன, நான்கு குஞ்சுக்குத் தொப்புள் மூடவே இல்லை. விற்றவரிடம் கேட்டால், "முட்டையில கரு இருந்திருக்காது சார், மிஷின் பக்கா" என்று பதில். அதன்பிறகு போனை எடுக்கவில்லை. திருப்பி அனுப்ப அவர்கள் தந்த கெடு 7 நாள். அது முடிந்து இரண்டு வாரம் ஓடியிருந்தது.

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். மிஷின் கெட்டதா நல்லதா என்று குஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். அதனால் பார்சல் வந்ததும் முட்டை வைக்க வேண்டாம். மூன்று நாள் வெறும் மிஷினை ஓட்டிப் பாருங்கள்.

மேலே சொன்னது ஃபேன் உள்ள மிஷின், திரை காட்டியது 37.5 டிகிரி. முட்டை மட்டத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்தபோது 38.9, பல்புக்கு அருகே உள்ள மூலையில் 39.6. நாள் முந்திப் பொரிப்பதும் தொப்புள் மூடாததும் சூடு அதிகம் என்பதன் அடையாளம். காரணம் மிக எளியது. சென்சாரை ட்ரேக்குக் கீழே தரையோரமாக ஒட்டிவிட்டு, பல்பை மேலே மாட்டியிருந்தார்கள். சென்சார் தன் இடத்துச் சூட்டைத்தானே சொல்லும்! அதன் முனை முட்டையின் மேல்மட்ட உயரத்தில் இருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதையும் வீட்டில் உள்ள காய்ச்சல் தெர்மாமீட்டரையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றாக நனைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரை மட்டும் பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. அது தொட்ட உச்ச அளவையே பிடித்து வைத்திருக்கும், எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது. நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்று சரியாகச் சுற்றவில்லை, திருப்பி அனுப்புங்கள். ஃபேன் உள்ள மிஷினுக்கு 37.5 சரி. ஃபேன் இல்லாத பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். இரண்டுக்கும் 37.5 என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

தெர்மக்கோல் பெட்டி மிஷின்கள் பலவற்றில் இருப்பது டபிள்யூ 1209 என்ற சின்ன கன்ட்ரோலர். அது மோசமான பொருள் அல்ல. ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போது அதன் பி1 அளவு 2 டிகிரி என்று இருக்கும். அதாவது 37.5 வைத்தால், 35.5க்கு இறங்கிய பிறகுதான் பல்பு மறுபடி எரியும். செட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து உள்ளே போய், பி1-ஐ 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள். இதைக்கூடச் செய்யாமல் விற்கிறார்கள் என்பதுதான் வேதனை. இன்னொரு ஆபத்து ரிலே என்ற தானியங்கி சுவிட்ச். ஓயாமல் பல்பைப் போட்டு அணைப்பதில் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாமல் எரிந்து, ஒரே இரவில் மொத்த முட்டையும் வெந்துவிடும். ஃபேன் உள்ள மிஷினுக்கு 38.5இல் இணைப்பைத் துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடரிணைப்பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல்பும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்று ஃபியூஸ் ஆனாலும் முட்டை ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது.

"ஃபுல் ஆட்டோமேட்டிக்" என்ற சொல்லுக்கு அவரவர் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். சிலருக்குச் சூடு மட்டும் ஆட்டோமேட்டிக், முட்டையைக் கையால் திருப்ப வேண்டும். மோட்டார் இருந்தால், கடை முட்டையில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். திரும்பாத முட்டையில் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிச் சாகும். 60 முட்டை என்ற கணக்கும் அப்படித்தான். இந்த ட்ரேயில் 60 என்பது காடை முட்டைக் கணக்கு.

ஈரப்பத மீட்டரையும் நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் சேறு போல் குழைத்து, மீட்டரோடு இறுக மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். முதல் 18 நாள் 50–55, கடைசி மூன்று நாள் 65–70 தேவைப்படுகிற இடத்தில் 15 தப்பாகக் காட்டும் மீட்டர் குஞ்சைச் சாகடிக்கும்.

"பேட்டரி பேக்கப் உண்டு" என்றால் கணக்குக் கேளுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 84 வாட்-மணிதான். 60 வாட் ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால் ஒன்றரை மணி நேரம்கூட வராது.

"கரு இல்லை" என்ற பதிலுக்கு மறுப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்து ஒவ்வொரு முட்டையையும் படம் எடுங்கள். சிலந்தி வலை போல நரம்பு ஓடினால் கரு வளர்கிறது, ரத்த வளையம் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்திருக்கிறது, ஒன்றுமே தெரியாவிட்டால் கூமுட்டை. மேலே சொன்ன 42இல் 37 முட்டையில் நரம்பு தெரிந்தது, ஆனால் படம் எடுக்காததால் வாதம் எடுபடவில்லை. 21 நாள் முடிந்ததும் பொரியாத முட்டைகளை உடைத்து அதையும் படம் பிடியுங்கள்.

பார்சல் பிரிக்கும் வீடியோ, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், திரையும் தனித் தெர்மாமீட்டரும் ஒரே படத்தில் வரும் போட்டோ ஆகியவற்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டியும் பார்சலே வராமல், எண்ணும் அணைக்கப்பட்டிருந்தால் அது வேறு வகை. அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது.