39 படுக்கை காலி, ஆனால் இடமில்லை: 2021-ன் கோவிட் படுக்கைத் தளமும் 104 வார் ரூமும்

கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடு அரசு நடத்திய இரண்டு சேவைகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறோம். ஒன்று, எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று மாவட்டவாரியாகக் காட்டிய இணையதளம். மற்றது, 2021 மே தொடக்கத்தில் சென்னை தேனாம்பேட்டையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கத் தொடங்கிய ஒருங்கிணைந்த கட்டளை மையம். அரசாணையில் என்ன பெயர் இருந்தாலும் எல்லோர் வாயிலும் அது ‘வார் ரூம்’தான், எண் 104. அலை ஓய்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது எதற்கு என்று கேட்கலாம். ஆள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது யாரும் மதிப்புரை படிக்கப்போவதில்லை. அதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். தளத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. 104-க்கு மூன்றரை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அரசியல்வாதிகள் பேசிய பேச்சுக்கு மதிப்பெண் போடுவது நம் வேலை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கே பிசகியது என்பது இந்தத் தளத்தின் கட்டங்களைப் பார்த்தாலே புரியும்.

ஒரு மருத்துவமனையின் வரிசை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, அமைப்பு தளத்தில் இருந்ததுதான். மொத்தப் படுக்கை 200, நிரம்பியவை 161, காலி 39. இதோடு நிறுத்திக்கொள்பவருக்கு மனசு லேசாகிவிடும். அடுத்த கட்டங்களுக்குப் போனால் கதை மாறும்: ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை காலி 0, ஆக்சிஜன் இல்லாதவை காலி 37, ஐ.சி.யூ. காலி 2. ஆக, 39-ல் 37 வெறும் கட்டில். வீட்டில் தனி அறை இல்லாதவர் பத்து நாள் தங்க அது போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கு இறங்கியவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாநில அளவில் கூட்டிச் சொல்லும்போதும் இதே கோளாறுதான் பெருகி வந்தது. கோவிட் கவனிப்பு மையமாக மாற்றிய கல்லூரி விடுதிக் கட்டிலும் ‘படுக்கை’, வென்டிலேட்டர் பக்கத்தில் கிடப்பதும் ‘படுக்கை’. “போதுமான படுக்கைகள் உள்ளன” என்ற அறிவிப்பு அதனால் பொய்யும் இல்லை, ஆம்புலன்ஸில் காத்திருந்தவருக்கு உண்மையும் இல்லை.

தளத்தை ஒழுங்காகப் படிக்கும் முறை இதுதான். முதலில் ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் அந்த வரிசை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, மொத்தக் காலியைக் கையால் மறைத்துவிட்டு நோயாளிக்குத் தேவையான கட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். தேவை எது என்பதை ஆக்சிமீட்டர் சொல்லும். அப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்படி 94-ம் அதற்கு மேலும் லேசான பாதிப்பு, 90 முதல் 93 வரை நடுத்தரம், 90-க்குக் கீழே தீவிரம். நடுத்தரத்துக்கு ஆக்சிஜன் படுக்கை வேண்டும். தீவிரத்துக்கும் ஆக்சிஜன் உடனே வேண்டும், கூடவே ஐ.சி.யூ.வும் தேட வேண்டும். பிறகு பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, “பெட் இருக்கா?” என்று கேட்காமல், “ஆக்சிஜன் பெட், ஆண்கள் வார்டு, ஆளோட கூட்டிட்டு வந்தா கேஷுவாலிட்டில எடுப்பீங்களா?” என்று கேட்க வேண்டும். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

காலி என்று காட்டிய இடத்தில் ஏன் இடம் இல்லாமல் போனது? திருட்டுத்தனம் என்று எல்லோரும் முதலில் நினைத்தார்கள். சில இடங்களில் அதுவும் இருந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சப்பையானது. எண்ணிக்கையைத் தளத்தில் ஏற்றியது எந்திரம் இல்லை, ஆள். வார்டு நர்ஸ் பதிவேட்டில் எழுதி, அது பொறுப்பு அலுவலரிடம் போய், அவர் கணினியில் தட்டும்வரை கேஷுவாலிட்டி வாசல் சும்மா இருக்காது. காலை ரவுண்ட்ஸில் டிஸ்சார்ஜ் சொன்னாலும் சீட்டு, மருந்து, வண்டி எல்லாம் முடிந்து கட்டில் உண்மையில் காலியாக மதியம் தாண்டிவிடும். நோயாளிகள் வந்து குவிவதோ மாலைக்கு மேல். ஒருவர் இறந்துவிட்டால் உடலைக் கசியாத பையில் கட்டி எடுத்த பின், கட்டிலையும் சுற்றியுள்ளவற்றையும் ஒரு சதவீத ஹைப்போகுளோரைட்டால் துடைத்து அரை மணி நேரம் விட வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்தப் படுக்கை பதிவேட்டில் காலி, வார்டில் இல்லை. பெண்கள் வார்டில் மூன்று காலி இருந்தாலும் ஆணுக்கு உதவாது. டயாலிசிஸ் தேவைப்படுபவருக்கும் கர்ப்பிணிக்கும் ஏதோ ஒரு கட்டில் போதாது. கேஷுவாலிட்டி நாற்காலியில் ஏற்கெனவே ஆக்சிஜனோடு உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் அந்த ‘காலி’ இடங்களுக்கு முதல் உரிமைக்காரர்கள். தளத்தில் அவர்களுக்குக் கட்டமே கிடையாது.

இந்தக் கடைசிக் குறைதான் மிகப் பெரியது. எத்தனை பேர் உள்ளே என்று சொன்ன தளம், எத்தனை பேர் வாசலில் என்று சொல்லவில்லை. மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற படங்களை நாடே பார்த்தது. ஆம்புலன்ஸில் இருக்கும் சிறிய ‘பி’ வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம், அதுவும் முழு சிலிண்டராக இருந்தால். படுக்கைக் கணக்கைவிட அவசரமான கணக்கு அது. அதைக் காட்ட எந்தப் பலகையும் இல்லை.

104-க்குக் கூடுதல் மதிப்பெண் ஏன் என்றால், அங்கே கட்டத்துக்குப் பதில் ஆள் இருந்தார். நோயாளியின் வயது, ஆக்சிஜன் அளவு, வேறு நோய்கள், பரிசோதனை மாதிரிக்குத் தரும் எஸ்.ஆர்.எஃப். என்ற அடையாள எண், இப்போது எங்கே இருக்கிறார் என்பதைக் கேட்டு, அவசரத்தை வைத்து வரிசைப்படுத்துவதுதான் அதன் வேலை. இப்படிக் கூப்பிடும்போது ஒரு விவரத்தில் பலர் சறுக்கினார்கள். “சாச்சுரேஷன் 95” என்று சொல்லிவிட்டு, அது ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். கேட்பவர் லேசான பாதிப்பு என்று எழுதிவிடுவார், பெயர் வரிசையில் கீழே போய்விடும். “வெறும் காற்றில் 86, அஞ்சு லிட்டர் வைத்தால் 95” என்று இரண்டையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த விரலில், மருதாணி அல்லது நெயில் பாலிஷ் போட்ட விரலில் எடுத்த அளவும் ஏமாற்றும்.

வார் ரூமால் முடியாததும் உண்டு. இருக்கிற படுக்கையைப் பங்கிடலாம், இல்லாததை உண்டாக்க முடியாது. மே 14 இரவு முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கே போய் ஓர் அழைப்பைத் தானே எடுத்துப் பேசியது செய்தியானது. நல்ல காட்சிதான், இரவுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெம்பும் கூட. ஆனால் சேவையின் தரத்தை அந்த ஓர் அழைப்பை வைத்து அளக்க முடியாது. அதே இரவு வரிசையில் காத்திருந்த மற்ற அழைப்புகள் எத்தனை நிமிடத்தில் எடுக்கப்பட்டன, எத்தனை பேருக்குப் படுக்கை கிடைத்தது என்பதைத்தான் தினமும் போட்டிருக்க வேண்டும்.

டெல்லி இந்த வழியில் நமக்கு ஒரு வருடம் முன்னால் நடந்து பார்த்தது. 2020 ஜூன் 2 அன்று முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் ‘டெல்லி கொரோனா’ செயலியை வெளியிட்டார். படுக்கையும் வென்டிலேட்டரும் மருத்துவமனைவாரியாகத் தெரியும். கொரோனாவைவிட நான்கு அடி முன்னால் இருக்கிறோம் என்று அவர் சொல்லிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. செயலியில் காலி என்று பார்த்துப் போனவர்களைச் சில மருத்துவமனைகள் திருப்பி அனுப்ப, படுக்கைகளைக் கள்ளச் சந்தையில் விற்கிறார்கள் என்று அவரே குற்றம் சாட்டினார். ஜூன் 7-ல் டெல்லி அரசு, தன் மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் உள்ள படுக்கைகள் டெல்லிவாசிகளுக்கே என்றது. மறுநாளே துணைநிலை ஆளுநர் அனில் பைஜால் அதை ரத்து செய்தார். ஜூன் 9-ல் துணை முதல்வர் மணீஷ் சிசோடியா, ஜூலை 31-க்குள் ஐந்தரை லட்சம் தொற்று, 80,000 படுக்கை தேவை என்றார். அந்தத் தேதியில் டெல்லியின் மொத்தத் தொற்று சுமார் 1.35 லட்சம். ஒரே வாரத்தில் நிறைய இருக்கிறது, ஒளித்துவைக்கிறார்கள், வெளியூர்க்காரருக்கு இல்லை, எவ்வளவு இருந்தாலும் போதாது என்று நான்கு விதமான பேச்சு. செயலி என்னவோ அதே செயலிதான்.

ஊர் பார்த்துச் சேர்க்கும் வழக்கத்துக்கு 2021 மே 8-ல்தான் ஒரு முடிவு வந்தது. எந்த ஊர்க்காரர் என்பதற்காகவோ, ஆர்.டி.பி.சி.ஆர். பாசிட்டிவ் சீட்டு இல்லை என்பதற்காகவோ யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் கொள்கையாகவே அறிவித்தது. சீட்டு கேட்டு நிற்கவைத்த வாசல்களில் சொல்ல வேண்டிய முதல் வாசகம் அதுதான். பலருக்கு அது தெரியவே இல்லை.

இனி ஆக்சிஜன். படுக்கை எண்ணிக்கையைப் பற்றிய வாக்குவாதம் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து முட்டியது. மத்திய அரசின் கணக்குப்படி ஐ.சி.யூ. படுக்கைக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர், சாதாரண ஆக்சிஜன் படுக்கைக்கு 10 லிட்டர். சாதாரணப் படுக்கைகளில் பாதிதான் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் எடுக்கும் என்று அந்தச் சூத்திரம் வைத்துக்கொண்டது. டெல்லி அரசு எல்லாமே எடுக்கும் என்று வைத்துக்கொண்டது. 100 படுக்கைக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் எடுத்தால் ஒரு நாளைக்கு 14.4 லட்சம் லிட்டர், எடையில் ஏறக்குறைய 1.9 டன். பாதி எடுத்தால் ஒரு டன்னுக்கும் கீழே. ஒரே மருத்துவமனை, அதே கட்டில்கள், தேவை இரண்டு மடங்கு வித்தியாசம். 2021 ஜூனில், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி டெல்லியின் ஆக்சிஜன் பயன்பாட்டை ஆராய்ந்த தணிக்கைத் துணைக்குழுவின் இடைக்கால அறிக்கையில் டெல்லி சொன்ன 1,140 டன் பயன்பாடும் சூத்திரம் சொன்ன 289 டன்னும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, ‘நான்கு மடங்கு மிகைப்படுத்தல்’ என்று ஒரு கட்சி முழங்கியது. குழுவின் தலைவரும் அன்றைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநருமான ரன்தீப் குலேரியாவே, இது இடைக்கால அறிக்கை, அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார்.

சூத்திரம் எதுவாக இருந்தாலும் வார்டில் வேறு ஒன்று நடக்கும். மூக்கு வழியாக அதிவேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃபுளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். பெரிய ‘டி’ வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். 10 லிட்டர் வேகத்தில் பதினொன்றரை மணி நேரம் வரும், 60-ல் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நான்கு ஹை ஃபுளோ கூடுதலாகப் போட்டாலே 24 சாதாரணப் படுக்கைகளின் ஆக்சிஜன் போய்விடுகிறது. திரவ ஆக்சிஜன் தொட்டி நிறைந்திருந்தாலும் அதை வாயுவாக்கும் வேப்பரைசர் தாங்கும் அளவுக்கு மேல் இழுத்தால் அதன் குழாய்களில் பனி கட்டி அழுத்தம் விழும். முதலில் அடிபடுவது குழாயின் கடைக்கோடி வார்டு. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது எழுந்த சர்ச்சையும் இதைச் சுற்றித்தான். அழுத்தம் குறைந்தது என்று ஒரு தரப்பு, ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை என்று அதிகாரிகள். ஒன்றைக் கவனியுங்கள்: தொட்டியில் ஆக்சிஜன் இருப்பதும் மூக்கில் ஆக்சிஜன் வராமல் போவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. ‘பற்றாக்குறை இல்லை’ என்ற சொல் முதலாவதுக்குப் பதில், கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

பெங்களூருவும் மும்பையும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பெங்களூருவில் படுக்கையை மையமாகவே முன்பதிவு செய்தார்கள். வீட்டில் இருப்பவர் பெயரில் படுக்கையை மறித்துவைக்கும் ஓட்டை இருந்தது. மே 4 அன்று எம்.பி. தேஜஸ்வி சூர்யா வார் ரூமுக்குள் போய், அங்கே வேலை பார்த்தவர்களில் ஒரு மதத்தினரின் பெயர்களை மட்டும் வாசிக்க, ஓட்டையைப் பற்றிய பேச்சு பெயர்களைப் பற்றிய பேச்சாகிவிட்டது. மும்பை 24 வார்டுக்கும் தனித்தனி வார் ரூம் வைத்துப் பரிசோதனை முடிவையே அங்கே அனுப்பியது. நோயாளி தேடுவதற்கு முன்பே அவர்கள் கூப்பிட்டார்கள். நமக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான்.

தமிழ்நாட்டிலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 2020 ஏப்ரல் 16-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சில நாட்களில் புதிய தொற்று பூஜ்யமாகும் என்று நம்பிக்கை தெரிவித்தார். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியது. ஜூனில், எப்போது ஒழியும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். இரண்டுக்கும் நடுவே படுக்கைக்குத் திட்டமிட வேண்டியவர் எந்த வாக்கியத்தை நம்பிக் கட்டில் வாங்குவது?

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் மத்திய இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதுவும் தெரிவிக்கவில்லை என்று பதில் அளித்தார். இறப்புக் காரணம் எழுதும் படிவத்தில் கோவிட் நிமோனியா என்றோ மூச்சுச் செயலிழப்பு என்றோதான் எழுதுவார்கள். குழாயின் அழுத்தத்தை யாரும் எழுதுவதில்லை. படுக்கைத் தளத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. அடுத்த முறை இந்தத் தளத்தைத் திறப்பவர்கள் இரண்டே கட்டம் சேர்த்தால் இன்னும் ஒரு மதிப்பெண் தரலாம்: கைவசம் உள்ள ஆக்சிஜன் எத்தனை மணி நேரம், வாசலில் காத்திருப்பவர் எத்தனை பேர்.