பெயின்ட் அடித்து வரும் ஜாக்கி ஸ்டாண்டை வாங்காதீர்கள்: சேலத்தில் நான் ஏமாற்றப்பட்ட கதை

சேலம் புறவழிச்சாலை ஓரத்தில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறையில், ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும், உயரம் மாற்றக்கூடிய கனரக ஜாக்கி ஸ்டாண்டுகள் நான்கு செய்யச் சொல்லி முழுப் பணமும் கொடுத்தேன். வந்து சேர்ந்தவை வண்டிக்கு அடியில் வைக்கவே தகுதியற்றவை. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையை இதே விதமாகச் செய்கிற பட்டறை அது ஒன்றாக மட்டும் இருக்காது என்று நான் நினைப்பது இன்னொரு காரணம்.

வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். என் பிக்கப் வண்டியின் வேலைகளை அங்கே நானே பார்த்துக்கொள்கிறேன். ஏற்காட்டிலிருந்து காபி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் வண்டிக்குப் பிரேக் லைனிங் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், பின் சக்கர டிரம்மைக் கழற்றி வேலை பார்க்க வண்டியை மணிக்கணக்கில் தூக்கி நிறுத்தியாக வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. அதன் சீல் எப்போது கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்; இரும்பாவது வளைந்து காட்டும், கல் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும்.

ஆகவே அளவுகளை நானே வரைந்தேன். வெளிக்குழாய் இரண்டு இன்ச், அதனுள் ஏறி இறங்கும் குழாய் ஒன்றரை இன்ச், இரண்டும் சி கிளாஸ், அதாவது சுவர் மிகத் தடித்த வகை. ஐ.எஸ். 1239 என்ற இந்தியக் குழாய்த் தரநிலையின்படி இரண்டு இன்ச் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சி கிளாஸில் அதன் சுவர்க்கனம் 4.5 மி.மீ.; ஆக உள்விட்டம் 51.3 மி.மீ. ஒன்றரை இன்ச் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. என்பதால், இரண்டுக்கும் இடையில் மொத்தம் 3 மி.மீ. இடைவெளியே இருக்கும், சுலபமாக ஏறி இறங்கும், ஆட்டமும் அதிகம் இராது. உயரத்தை நிறுத்துவதற்கு, இரண்டு குழாய்களின் துளைகளிலும் குறுக்கே செருகும் 20 மி.மீ. பின், இ.என். 8 என்ற உறுதியான இரும்பில். ஒவ்வொரு ஸ்டாண்டும் 3 டன் தாங்க வேண்டும் என்பது கணக்கு. என்னிடம் இருக்கும் கை டிரில்லிங் மெஷினால் 20 மி.மீ. துளையை இரண்டு சுவரிலும் ஒரே நேர்க்கோட்டில் போட முடியாது என்பதால்தான் வேலை வெளியே போயிற்று. குழாயையும் பின்னையும் தாமே வாங்கிப் போடுவதாகப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டு, துண்டுச் சீட்டில் ‘சி கிளாஸ், இ.என். 8’ என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

ஸ்டாண்டுகள் வெள்ளி நிறப் பெயின்ட் பளபளக்க வந்தன. கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தபோதே உள்குழாய் கடகடவென்று ஆடியது. 3 மி.மீ. இடைவெளியில் அவ்வளவு ஆட்டம் வரக் காரணமில்லை. முழு நீளக் குழாய்க்குப் பணம் கொடுத்திருந்ததால் மீதித் துண்டுகளையும் கேட்டு வாங்கியிருந்தேன். அவற்றில் சி கிளாஸுக்கு உரிய சிவப்புப் பட்டை பளிச்சென்று இருந்தது. துண்டின் முனையில் வெர்னியரை (கனத்தை அளக்கும் கருவி) வைத்தால் சுவர்க்கனம் 2.9 மி.மீ. தின்னர் நனைத்த துணியால் சிவப்பைத் துடைத்தபோது அடியில் மஞ்சள் பட்டை தெரிந்தது. மஞ்சள் ஏ கிளாஸின் அடையாளம். நீலம் பி கிளாஸ். இரண்டு இன்ச் குழாயில் ஒரு மீட்டர் துண்டை எடை போட்டதில் நான்கு கிலோவைச் சற்றே தாண்டியது. சி கிளாஸ் என்றால் 6.19 கிலோ இருந்திருக்க வேண்டும்.

ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஸ்டாண்டைப் பார்க்கிற எல்லோரும் பின்னின் பருமனைத்தான் பார்க்கிறார்கள். 20 மி.மீ. பின் அத்தனை சுலபத்தில் அறுந்துவிடாது. பாரம் முழுவதையும் வாங்கிக்கொள்வது, பின் உட்கார்ந்திருக்கும் துளையின் விளிம்புதான். 4.5 மி.மீ. கனமுள்ள இரண்டு சுவர்களில் அந்தப் பின் 180 சதுர மில்லிமீட்டர் பரப்பில் உட்காரும், 2.9 மி.மீ. சுவர்களில் அது 116 ஆகக் குறைந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போய்விட்டது. தெரிந்த லேத் பட்டறையில் இருந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஒரு ஸ்டாண்டை வைத்து, சொன்ன எடையைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தியபோது, துளை முட்டை வடிவத்துக்கு நீண்டு பின்னைக் கவ்விக்கொண்டது. சுத்தியலால் அடித்துத்தான் பின்னைக் கழற்ற வேண்டியிருந்தது. பாரத்தை எடுத்த பிறகும் வடிவம் திரும்பாத துளை, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நீளும்.

அதன் பிறகே வெல்டிங்கின் மீது சந்தேகம் வந்து அடித்தகட்டின் மூலைகளைக் கிரைண்டரால் தேய்த்தேன். தீப்பொறி பறக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பொடி பறந்தது. கார் பாடிக்குத் தடவுகிற பட்டி! மூன்று நான்கு இடங்களில் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்துவிட்டு, இடைவெளியைப் பட்டியால் நிரப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். 10 மி.மீ. தகட்டில் மெல்லிய குழாயைப் பற்றவைக்கத் திறமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பட்டி பூசுவதற்கும் திறமை வேண்டும்தான், அது அவர்களிடம் நிறையவே இருந்தது.

பின்னையும் விட்டுவைக்கவில்லை. இ.என். 8 நடுத்தரக் கார்பன் உள்ள இரும்பு. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகிப்போய், அரம் அதன்மேல் பிடிமானமின்றி வழுக்கும். சாதாரண எம்.எஸ். (கார்பன் குறைந்த மென்மையான இரும்பு) ராடு அப்படி இறுகாது. எனக்குக் கொடுத்த பின்னின் முனையை அறுத்துக் காய்ச்சி முக்கிப் பார்த்தேன். அரம் வழக்கம்போலச் சீவியது.

திரும்பிப் போய்க் கேட்டபோது பட்டறைக்காரர் கூச்சப்படவில்லை. “லாரிக்காரங்க எல்லாம் இதைத்தான் சார் எடுத்துட்டுப் போறாங்க, ஒருத்தரும் வெர்னியர் வச்சுப் பார்த்ததில்ல” என்றார். குழாய் நம்ம சேலம் ஸ்டீல்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். சேலம் உருக்காலை பெயர் வாங்கியிருப்பது துருப்பிடிக்காத எஃகுச் சுருளிலும் தகட்டிலும். இந்தத் தண்ணீர்க் குழாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் உள்ளூர்க்காரன் வாயை மூடிக்கொள்வான் என்று எண்ணுகிறார்கள் போலும்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டாண்டை வாங்கியிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற பெரிய நிறுவனமே 2020இல் தன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தேய்ந்துபோன அச்சுகளால், உயரத்தை நிறுத்தும் பற்கள் சரியாகக் கவ்வாமல் போனது காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவும் வெல்டிங் குறையால் அதே ஆண்டில் திரும்ப அழைக்கப்பட்டன. எங்கே வாங்கினாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வெளியே செய்யக் கொடுப்பவர்கள் ஒரு நிபந்தனையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயின்ட் அடிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன குழாயின் பட்டையும் வெல்டிங்கும் வண்ணத்தின் கீழேதான் ஒளிந்திருந்தன. மாட்டேன் என்று சொல்கிற பட்டறையிலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே பெயின்ட் அடித்து வந்துவிட்டதென்றால் சிறு காந்தம் ஒன்றை வெல்டிங் மீது நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அதன் பிடி தளரும். வெளிவிட்டத்திலிருந்து சுவர்க்கனத்தைக் கழித்து (இரண்டும் மி.மீ. அளவில்), அதைச் சுவர்க்கனத்தாலும் 0.02466ஆலும் பெருக்கினால் ஒரு மீட்டர் குழாயின் எடை கிலோவில் கிடைக்கும். எடைத் தட்டில் வைத்துச் சரிபார்க்க இதுவே போதும். வெர்னியரை மறைத்துவைக்க வேண்டாம், முதல் நாளே மேசைமீது வையுங்கள்.

குழாய்க்கான பணத்தில் ஒரு பகுதியை மட்டும் பட்டறைக்காரர் திருப்பிக் கொடுத்தார். கூலியைத் தர மறுத்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர் கைப்பட எழுதிய அந்தத் துண்டுச் சீட்டுதான் இப்போது என் பக்கத்து முக்கிய ஆவணம். மூன்று ஸ்டாண்டுகளைக் குழாயின் நடுவே அறுத்த பிறகே பழைய இரும்புக் கடையில் போட்டேன். முழுதாகப் போட்டிருந்தால், இன்னொரு கோட் பெயின்ட் அடித்து வேறொருவருக்கு விற்றிருப்பார்கள். துளை நீண்டுபோன ஸ்டாண்டையும் மஞ்சள் பட்டை தெரியும் குழாய்த் துண்டையும் ஆணையத்தில் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.