அப்பாவின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளும் என் 19 நாள் லீவும்

இந்தத் தடவை ஊருக்குப் போனதே ஒரு வேலையை மனசில் வைத்துத்தான். ஷார்ஜாவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒன்றே ஒன்று: "டிவியில என்ன பேசுறான்னே வெளங்கல மக்களே." அவருக்கு 78 வயது, காது கொஞ்சம் மந்தம்தான். ஆனாலும் போனில் நான் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிகிறது. கோளாறு டிவியில். இப்போது வரும் மெலிசான டிவிகளில் விரல் நீள ஸ்பீக்கர்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை வீட்டை நிறைக்கும், பேச்சு அதற்கடியில் கிடக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் வீடு. மச்சில் ஒரு பழைய போர்வைக்கடியில் அப்பாவின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில், 1986 லீவுக்கு, பம்பாயில் இறங்கி ரயிலில் நாகர்கோவில் வரை கூடவே வைத்துக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்தவை. தடித்த சத்தத்துக்கு 10 அங்குல ஊஃபர், நடுவில் பேச்சு மாதிரிச் சத்தத்துக்கு ஒரு மிட் ரேஞ்ச், மேலே கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர், ஓட்டையே இல்லாத மூடின பெட்டி. என் சின்ன வயசில் அவை டிவியிலிருந்து நாலடி தள்ளித்தான் இருக்கும், கிட்டே வைத்தால் காந்தம் இழுத்து பழைய குழாய் டிவியின் ஓரத்தில் பச்சையும் சிவப்புமாகப் படரும். இப்போதைய டிவிக்கு அந்தப் பயம் கிடையாது, பெட்டியைப் பக்கத்திலேயே வைக்கலாம்.

நான் செய்தது இதுதான். ஷார்ஜாவில் பயன்படுத்திக்கொண்டிருந்த ஏவி ரிசீவரை (டிவி சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்பிளிஃபயர்) உடுப்புக்கு நடுவே பொதிந்து லக்கேஜில் போட்டேன். 9 கிலோ சொச்சம் அதுவே தின்றுவிட்டது. அங்கேயும் 230 வோல்ட் என்பதால் கரண்ட் தொல்லை இல்லை, சதுர மூன்று கம்பி பிளக்கை மட்டும் ஊரில் மாற்றினால் போதும். அமெரிக்கா, கனடாவிலிருந்து கொண்டுவருபவர்கள் பின்பக்கம் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே பெட்டி கட்டுங்கள், அங்கே 120 வோல்ட்.

வந்த மறுநாளே நாகர்கோவிலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பெட்டியின் படத்தைப் போனில் காட்டினேன். பையன் இரண்டு நொடி பார்த்துவிட்டு, "இது பழைய ஸ்டீரியோ சார், டால்பி இதுல வராது, செட்டா புதுசு எடுத்துருங்க" என்றான். எனக்கு வருத்தமாகிவிட்டது. இதை நம்பி எத்தனை வீட்டில் நல்ல பெட்டிகள் ஆக்கர் கடைக்குப் போயிருக்கும்! டால்பி என்கிற பல பக்கச் சத்தத்தைப் பிரிப்பது ரிசீவரின் வேலை. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் வயரில் போவது 1960-இலும் இன்றும் ஒரே மாதிரி மின்சாரம்தான். பெட்டிக்கு டிஜிட்டல் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஓம் (மின்தடை) எவ்வளவு, உள்ளே அசையும் கம்பிச்சுருளான காயில் உயிரோடு இருக்கிறதா, ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ஓரம் நிற்கிறதா, இவ்வளவுதான்.

ஓரம்தான் நிற்கவில்லை. முன்பக்கத் துணியைக் கழற்றியதும் ஊஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று கறுப்பு. ஃபோமுக்கு ஈரம் ஆகாது. எங்கள் மாவட்டத்திலோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. 15, 20 வருஷம் தாண்டினாலே அது தாக்குப்பிடிப்பது கஷ்டம். துணி ஓரமோ ரப்பர் ஓரமோ வைத்த பெட்டி என்றால் பெரும்பாலும் இந்த வேலையே இருக்காது.

அப்புறம் சித்தப்பா மகன் சொல்லி வடசேரியில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயசிருக்கும். பெட்டியைப் பார்த்ததுமே தடவிக்கொடுத்தார். மீட்டரை வைத்தார், ஒன்று 6.2 ஓம், மற்றது 6.4. "8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல ஆறு, ஆறரைதான் காட்டணும். காயில் ரெண்டும் நல்லா இருக்கு மக்கா, ஓரம்தான் போச்சு." ஊஃபரின் காகிதக் கோனை இரண்டு கை விரலாலும் மெல்ல அழுத்தி, காயில் எங்கேயும் உரசவில்லை என்று என்னையும் காது வைத்துக் கேட்கச் சொன்னார்.

அவரிடம் இருந்தது மைக் செட் ஊஃபருக்கான விறைப்பான ஓரம். அதை ஒட்டினால் கோன் இறங்கி ஏறாது, பாஸ் என்கிற அடிச்சத்தம் வராது என்று அவரே சொல்லி, அளவு எழுதிக் கொடுத்து வெளியிலிருந்து வரவழைக்கச் சொன்னார். இதைக் கவனியுங்கள். வெறும் "10 அங்குலம்" என்று ஆர்டர் செய்தால் பொருந்தாது. கோனின் வெளி விட்டம், இரும்புச் சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள் அளவு வெளி அளவு எல்லாம் அளந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். முதலில் போன இன்னொரு கடையில் ஊஃபரையே தூக்கி எறிந்துவிட்டு கார் ஊஃபர் ஒன்றை மாட்டித் தருகிறேன் என்றார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பெட்டியின் கொள்ளளவும் உள்ளே சத்தத்தை மூன்று ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் அந்தப் பழைய ஊஃபருக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை.

ஆர்டர் செய்த ஃபோம் தக்கலை வரை மூன்று நாளில் வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு நாள். "வீடு பூட்டியிருந்தது" என்று குறுஞ்செய்தி வருகிறது, அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்! கடைசியில் நானே பைக்கில் போய் எடுத்து வந்தேன். லீவில் இந்த மாதிரி வேலை செய்பவர்கள் பொருளை ஊருக்கு வரும் முன்பே ஆர்டர் செய்துவிடுங்கள். அதற்கு வீட்டில் ஒருவரை அளவெடுக்கச் சொல்ல வேண்டும், நான் அதைச் செய்யாமல் விட்டதில் ஒரு வாரம் போனது.

அண்ணாச்சி ஓரம் ஒட்டினதைக் கூடவே இருந்து பார்த்தேன். பழைய பசையைச் சுரண்டி எடுக்கத்தான் பாதி நாள். கோன் காகிதம் கிழியாமல் கத்தியைப் படுக்கவைத்து, ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு எடுத்தார். முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் சட்டத்தில் ஒட்டும்போது ஒரு சின்ன ஆம்பிளிஃபயரில் 30 ஹெர்ட்ஸ் என்கிற மிகத் தாழ்ந்த சத்தத்தை மெலிசாகக் கொடுத்தார். கோன் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும், காயில் எங்காவது உரசினால் "கர்" என்று காட்டிக்கொடுக்கும், உடனே ஓரத்தை அரை மில்லி நகர்த்துவார். நடுவில் வந்து நின்றதும் சுற்றிலும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இப்படி ஒரு கைவேலை நாகர்கோவிலில் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டில் இதைச் செய்து வாங்க நாள் கணக்காகத் தேட வேண்டும்.

அடுத்தது கிராஸ்ஓவர். ட்வீட்டருக்கு முன்னால், தடித்த சத்தத்தைத் தடுக்க இருந்த கண்டன்சரில் 4.7 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் 7 காட்டியது. அதனால் என்ன என்று கேட்பீர்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 என்றால் ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதுதான் போகும். 7 ஆனால் 2,800-லிருந்தே போக ஆரம்பிக்கும், அந்தச் சின்னக் காயில் தாங்க வேண்டாத சுமையைத் தாங்கும், சத்தமும் கீச்சென்று ஆகும். இரண்டு பெட்டியிலும் அந்தக் கண்டன்சர்களை அதே அளவில் ஃபிலிம் வகையாக மாற்றினார். பின்னால் மிட், ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழ்களில் களிம்பு பிடித்து இடது பெட்டியில் மிட் ரேஞ்சே பேசாமல் இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாற்பது ஐம்பது தடவை திருகினதும் சரியானது. அந்த மிட் ரேஞ்ச் செத்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

மூடின பெட்டி என்பதால் திருப்பி மாட்டும்போது ஊஃபருக்கடியில் காற்று கசியாமல் அடைக்கும் புது கேஸ்கட் வைக்கச் சொன்னேன், அண்ணாச்சி ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார். உள்ளே அடைபட்ட காற்றுதான் கோனுக்கு ஸ்பிரிங். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்தது இந்த யோசனையில்தான், சின்னப் பெட்டியிலும் ஆழமான பாஸ் வந்தது. காற்று கசிந்தால் அந்த ஸ்பிரிங் போய்விடும். கோனை மெதுவாக உள்ளே தள்ளி விட்டால் தயங்கித் தயங்கித் திரும்பி வர வேண்டும், இரண்டும் அப்படியே வந்தன. கடைசியாக ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். கூலி 2,400 ரூபாய், கண்டன்சருக்கு 1,100. ஐந்நூறு கூடுதலாக நீட்டினேன், வாங்கவே இல்லை.

ஒரு பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் ஊதியிருந்தது. எங்கள் ஊரில் மரவேலை செய்யும் அண்ணன் அதை வெட்டி பிளைவுட் வைத்து, அயனி மரத்தில் ஒன்றரை அடி உயர ஸ்டாண்டும் செய்து கொடுத்தார். இரண்டு நாளில் தருகிறேன் என்றார், இரண்டாம் நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார்.

இனி ரிசீவரோடு சேர்த்த கதை. மார்த்தாண்டத்திலிருந்து சித்தப்பா மகன் சும்மா கிடந்த பவர் சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெட்டி) ஒன்றைக் கொண்டுவந்தான். மாட்டியதும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றினால் போகிறது, மாட்டினால் வருகிறது. அந்த வயரில் மின் தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேட்டர் ஒன்று வைத்ததும் நின்றது. அறைக்கு ஏற்ப ரிசீவர் தானாக அளக்கும் மைக்கை அப்பாவின் நாற்காலியில் காது உயரத்தில் வைத்து, ஃபேனை அணைத்து, கதவை அடைத்து மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டினேன். ரிசீவர் பழைய பெட்டிகளை "லார்ஜ்", அதாவது பாஸ் முழுவதையும் தாங்கும் பெட்டி என்று எழுதிக்கொண்டது. அதைக் கையால் "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டினேன். 80-க்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும், கிட்டத்தட்ட நாற்பது வருஷக் கோன் படத்தில் குண்டு வெடிக்கும்போது குதிக்க வேண்டியதில்லை, பேச்சும் பாட்டும் சுத்தமாக வரும். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சப்வூஃபர் இருந்தால் இப்படி வைப்பதே நல்லது.

நான் அதிக நேரம் செலவழித்தது டிவிக்கு நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில். படத்தில் பேச்சு பெரும்பாலும் அதில்தான் வரும், அப்பாவுக்கு வேண்டியதும் பேச்சுதான். ஆனால் 1986-இல் வந்த ஜோடிக்கு ஏற்ற சென்டர் எங்கே கிடைக்கும்? நண்பன் வீட்டுப் புது சென்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஆள் நடுவில் நின்று பேசும்போது ஒரு குரல், இடது பக்கம் நடந்ததும் அதே ஆளுக்கு வேறு குரல். அந்தச் சென்டர் மோசமில்லை, பழைய ஜோடியோடு ஒட்டவில்லை. கழற்றிவிட்டு, ரிசீவரில் சென்டர் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது நடுப்பேச்சை ரிசீவர் இரண்டு பெட்டிக்கும் சமமாகப் பங்கிடும். இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால் பேச்சு டிவியின் நடுவிலிருந்தே வருவது போல இருக்கும். ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருந்தால் இது நடக்காது, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரவும். அண்ணாச்சி பேட்டரி வைத்துப் பார்த்ததன் அருமை அங்கே புரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் குரல் பக்கத்துப் பெட்டிக்குச் சாயும், அது இந்த முறையின் குறை. அதனால் அப்பாவின் நாற்காலியைச் சன்னல் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தோம், அம்மாவுக்கு அந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை, இருந்தாலும் விட்டுவிட்டார்.

முதலில் ராத்திரிச் செய்திதான் போட்டோம். அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அது வருகிறது! அப்புறம் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம், முழுவதும் பார்த்தார், ஒரு இடத்திலும் "என்ன சொன்னான்" என்று கேட்கவில்லை.

பின்பக்கத்துக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் வேண்டும், அது அடுத்த லீவுக்கு. வயர் மட்டும் சுவரோரமாக இழுத்து வைத்துவிட்டு வந்தேன். ஐப்பசி இடி பொல்லாதது, அதனால் ரிசீவர் பிளக், சப்வூஃபர் பிளக், கேபிள் வயர் மூன்றிலும் சிவப்பு டேப் சுற்றி, வானம் இருட்டினால் இந்த மூன்றையும் உருவிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று போன் செய்தபோது நல்ல மழையாம், மூன்றையும் உருவியாயிற்றாம். அப்பா டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டு, மழை எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.