வயிற்றைத் திறப்பதா, தொடை வழியா?

மாமாவுக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கம். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.9; அதாவது சிறுநீரகம் ஏற்கெனவே நொந்திருக்கிறது. மதுரை டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

வயிற்றைத் திறந்தால் தமனியைக் கவ்வியால் பிடிக்க வேண்டும். சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே பிடித்தால் அத்தனை நேரமும் சிறுநீரகம் ரத்தமில்லாமல் பட்டினி. நேரம் நீளுமென்றால் குளிர்ந்த சலைன் செலுத்திக் காப்பதுண்டு. கீழே பிடித்தாலும் ரத்த ஓட்டம் குறையத்தான் செய்யும்.

தொடை வழியே ஸ்டென்ட் (தமனிக்குள் பொருத்தும் குழாய்) வைத்தால் அந்தப் பட்டினி இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் தமனி தெரியச் சாயம் ஏற்றணும்; நொந்த சிறுநீரகத்துக்கு அது சுமை. சாயத்தைக் குறைத்து, சலைன் ஏற்றிச் சமாளிக்கலாம். அப்புறம் வருஷா வருஷம் ஸ்கேன் வேறு.

எனக்கு ஸ்டென்ட்தான் சரியென்று பட்டது. மாமாவின் கவலையோ வேறு: “மாப்ள, முழங்கால் வலி மாத்திரையையுமா நிறுத்தணும்?”

அந்த மாதிரி வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அதைத்தான் மாமா முதலில் நிறுத்தணும்.